25 என்றால் இருபத்தைந்து அல்ல

அந்த 25-ஐ நான் முழுசாக மூன்று நாள் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆடி மாதம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அது குளிர்காலம், ஆனால் பெயருக்குத்தான். மத்தியானம் ஆனால் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிடலாம். கீழ்வீட்டு ஆன்ட்டி, எனக்கு மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர், கோயிலில் வாங்கிய கூழை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே "பாரிட்ஜ் பிரேயர்" என்கிறார்கள். முதல் வருஷம் அந்தப் பெயரைக் கேட்டபோது ஏதோ சர்ச் விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன். டப்பா மூடியைத் திறக்கும்போது மேனேஜரிடமிருந்து மெசேஜ். டேக் சரியாக ஒட்டாத ரிசோர்ஸ் கிளவுடில் எத்தனை இருக்கிறது, திங்கட்கிழமை ஆடிட்டர் வருகிறார், ஒரு எண் வேண்டும்.

இதை எண்ணுவதற்கென்று ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல், வைத்திருந்தேன். ஓட்டினேன். 25 என்று வந்தது. 25 என்று அனுப்பினேன். கூழைக் குடித்தேன்.

திங்கட்கிழமை ஆடிட்டர் அம்மா எண்ணைப் பார்த்துவிட்டு "சரி, பட்டியலைக் காட்டுங்கள்" என்றார். பட்டியல் எடுப்பதற்கு இன்னொரு கட்டளை. ஓட்டினேன். திரையில் வரிகள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன, 25 எப்போதோ தாண்டிவிட்டது. கடைசியில் நின்றபோது 312. அந்த அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் மட்டும் தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஒரு நிறுவனம் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த கணினிகளில், நூற்றுக்கணக்கில் சர்வர், டிஸ்க், ஃபைல் போட்டு வைக்கும் பக்கெட் என்று வைத்திருக்கும். இவற்றைத்தான் ரிசோர்ஸ் என்கிறோம். ஒவ்வொன்றும் சில விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும்: டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி), பக்கெட் ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கக் கூடாது, இது யாருடையது, உள்ளே என்ன வகைத் தகவல் இருக்கிறது என்று டேக் ஒட்டியிருக்க வேண்டும். நாங்கள் இருப்பது அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில். அங்கே கான்ஃபிக் என்று ஒரு சேவை இருக்கிறது. அது ஒவ்வொரு ரிசோர்ஸும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, நாம் கொடுத்த விதிகளோடு ஒப்பிட்டு, "சரி" "சரியில்லை" என்று முத்திரை குத்தும். அந்த முத்திரைகளை பைதான் என்ற நிரல் மொழியில் இருந்து கேட்டு வாங்க போட்டோ3 என்று ஒரு லைப்ரரி, ஆயத்த நிரல் தொகுப்பு. அமேசான் நதியில் வாழும் ஒரு டால்ஃபினின் பெயராம் அது. நமக்கென்னவோ போட்டோ என்றால் ஸ்டூடியோதான் ஞாபகம் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவிடம் போனில் "போட்டோ வைத்து ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஊரில் பெரியப்பா கேட்கிறார், கல்யாண ஆர்டரும் எடுக்கிறாயா என்று.

இனி அந்த 25. கான்ஃபிக்கிடம் ஒவ்வொரு விதியின் நிலையையும் மொத்தமாகக் கேட்க "டிஸ்கிரைப் கம்ப்ளையன்ஸ் பை கான்ஃபிக் ரூல்" என்று ஒரு அழைப்பு. பதிலில் விதியின் பெயர், "நான்-கம்ப்ளையன்ட்" (விதிக்கு உட்படவில்லை) என்ற முத்திரை, அதற்குக் கீழே எத்தனை ரிசோர்ஸால் இந்த நிலை என்று ஒரு எண்ணிக்கை வரும். அந்த எண்ணிக்கைக்கு "கேப்ட் கவுன்ட்" என்று பெயர், அதாவது மூடி போட்ட எண். 25-க்கு மேல் அது ஏறவே ஏறாது. 26 இருந்தாலும் 25, 2,600 இருந்தாலும் 25. பக்கத்திலேயே "கேப் எக்ஸீடட்" என்று இன்னொரு வரி, அதில் "ட்ரூ" என்று இருந்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். என் ஸ்கிரிப்ட் முதல் வரியைப் படித்தது, இரண்டாவது வரியைப் படிக்கவில்லை. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். இதில் வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. படி நெல் அளக்கிறவன் படி நிறைந்ததும் தலையைத் தட்டிவிட்டு ஒரு படி என்று சொல்வானே, அந்த மாதிரி. களத்தில் மீதி எவ்வளவு கிடக்கிறது என்று படிக்குத் தெரியாது.

உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாக விவரம் கேட்க வேண்டும். அங்கேயும் ஒரு பள்ளம். ஒரு பக்கத்துக்குப் பத்து முடிவுதான் வரும், கேட்டுக்கொண்டால் நூறு வரை தரும், அதற்கு மேல் வேண்டுமென்றால் "நெக்ஸ்ட் டோக்கன்" என்று ஒரு சீட்டு தரும், அதைத் திருப்பிக் கொடுத்து அடுத்த பக்கம் வாங்க வேண்டும். ரேஷன் கடை க்யூ மாதிரி. போட்டோ3-இல் பேஜினேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் சீட்டு விவகாரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பேஜினேட்டர் இருக்கும் இடத்தில் கையால் லூப் எழுதுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

312-இல் பாதிக்கு மேல் டேக் இல்லாதவையே அல்ல என்பது அப்புறம் தெரிந்தது. டேக் இருந்தது, எழுத்துதான் வேறு. ஆங்கிலத்தில் "ஓனர்" என்பதை முதலெழுத்துப் பெரிதாகப் போட்டால் ஒரு டேக், சின்னதாகப் போட்டால் அது முற்றிலும் வேறு டேக். பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற தொல்லையே இல்லாத மொழியில் பள்ளிக்கூடம் படித்தவனுக்கு இது ஒரு அநியாயமாகத்தான் தெரியும்.

சரி, இவ்வளவும் எதற்கு என்றால், சட்டம். இங்கே எல்லோரும் "பாப்பி" என்று செல்லமாகச் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் 2020 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தன, அதற்கும் ஒரு வருஷ அவகாசம் கொடுத்து, 2021 ஜூலையில் இருந்து கறாராக அமல். மீறினால் 1 கோடி ராண்ட் வரை அபராதம் போடலாம். தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்பவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, அனுப்புவதற்கு 72-ஆம் பிரிவில் நிபந்தனைகள் இருக்கின்றன. ஆனால் நிபந்தனையைப் பார்ப்பதற்கு முதலில் எது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

அது தெரியாமல் போனதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. ஏடபிள்யூஎஸ்ஸின் இசி2, உலகமே இன்று வாடகைக்கு எடுக்கும் அந்த சர்வர் சேவை, அதன் முதல் வடிவத்தை எழுதியது கிறிஸ் பின்காம் தலைமையில் கேப்டவுனில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னக் குழு. 2006 ஆகஸ்டில் அது வெளியே வந்தது. ஆனால் கேப்டவுனில் ஏடபிள்யூஎஸ் ரீஜன், அதாவது அங்கேயே ஒரு டேட்டா சென்டர் தொகுப்பு, திறந்தது 2020 ஏப்ரலில். சமைத்த ஊருக்குச் சாப்பாடு வந்து சேரப் பதினான்கு வருஷம். அதுவரை இங்குள்ள நிறுவனங்கள் பல ஐரோப்பாவில்தான் கடை விரித்திருந்தன. நாங்கள் இருந்தது அயர்லாந்தில். 2021-இல் எல்லாவற்றையும் மூட்டை கட்டி கேப்டவுனுக்கு வந்துவிட்டோம். "எல்லாவற்றையும்" என்று அப்போதைய அறிக்கையில் எழுதியிருக்கிறது. நான் அப்போது சேரவில்லை, ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.

கேப்டவுன் ரீஜனில் வேறொரு சங்கடம். 2019 மார்ச்சுக்குப் பிறகு திறந்த ரீஜன்கள் எல்லாம் நாமாகக் கேட்டு இயக்கினால்தான் இயங்கும். நாங்கள் வைத்திருந்தது பழைய போட்டோ3. அது தற்காலிக அனுமதிச் சீட்டைப் பொதுவான முகவரியில் வாங்கிக்கொண்டு வரும், கேப்டவுன் வாசலில் அந்தச் சீட்டு செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடும். அனுமதி எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் டோக்கன் தவறு என்கிறது. அரை நாள் போனது. ரீஜனின் சொந்த முகவரியில் சீட்டு வாங்கச் சொல்லி ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால் தீர்ந்தது.

அப்படிப் பாடுபட்டுக் கேப்டவுனைத் திறந்ததாலோ என்னவோ, ஸ்கிரிப்ட் கேப்டவுனை மட்டுமே பார்த்தது. கான்ஃபிக் ரீஜனுக்கு ரீஜன் தனி. ஒன்றில் கேட்டால் மற்றதைப் பற்றி வாய் திறக்காது. நாங்கள் இருப்பது கேப்டவுனில், கேப்டவுனைக் கேட்டால் போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1860-இல் இருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவில் இருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர் என்று கணக்கு. வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். ஆன்ட்டி தன் பாட்டியின் அம்மா பெயருள்ள பக்கத்தின் நகலை பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி பெயரின் எழுத்து சிதைந்திருக்கிறது, ஊர்ப் பெயர் அதைவிட மோசம், ஆனால் இடது முழங்கையில் தழும்பு என்பது தெளிவாக இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தக் கையின் தழும்பு மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

தன் பக்கத்து ஆள் கிடைத்துவிட்டார் என்று ஆன்ட்டி தன் கணவர், அங்கிளின் பக்கத்தையும் தேட ஆரம்பித்தார். பல வருஷம். கிடைக்கவே இல்லை. அங்கிளின் தாத்தா மொரீஷியஸில் இருந்து சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி வந்தவர் என்று ஒரு கல்யாணத்தில் யாரோ பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கூலிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கவே முடியாது என்று. "ராங் லிஸ்ட், மை பாய், ஐ வாஸ் லுக்கிங் இன் த ராங் லிஸ்ட்" என்று சொல்லி ஆன்ட்டி சிரித்தார். அவருக்குத் தமிழ் கோயிலில் பாட்டாக வரும், பேச்சில் அங்கங்கே ஒரு சொல்லாக வரும், மீதி ஆங்கிலம்தான்.

அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டி, ஓடிப்போய் அயர்லாந்தைச் சோதித்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அது இல்லை. பில் வந்தது. நிதிப் பிரிவில் இருக்கும் மதுரைக்காரத் தம்பி என் மேசைக்கு வந்து, "அண்ணே, அயர்லாந்துல நமக்கு என்ன வேலை? மாசாமாசம் டிஸ்க் வாடகைன்னு கொஞ்சம் போகுதே" என்றான். சின்னத் தொகை. யாரும் இத்தனை நாள் கவனிக்காத அளவுக்குச் சின்னது.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: கிளவுடில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டுமென்றால் முதலில் பில்லைக் கேளுங்கள். கான்ஃபிக் நாம் பார்க்கச் சொன்னதைத்தான் பார்க்கும். பில் போடுகிறவன் எதையும் விடமாட்டான்.

அயர்லாந்தில் ஒரு டிஸ்க் இருந்தது. எந்தச் சர்வரிலும் மாட்டப்படாமல், "அவைலபிள்" என்ற நிலையில், தனியாக. இடமாற்றத்தின்போது தற்காலிகமாக எடுத்த நகல் என்று பெயரைப் பார்த்தாலே தெரிந்தது. என்கிரிப்ட் ஆகவில்லை. ஒரு சோதனை சர்வரில் மாட்டித் திறந்தேன், உள்ளே ஒரே ஒரு பெரிய ஃபைல், ஒவ்வொரு வரியிலும் பதின்மூன்று இலக்க அடையாள எண். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. ஆகவே எண்ணைப் பார்த்தாலே ஆளின் வயது தெரியும். முதல் வரியில் இருந்தவர் 1951-இல் பிறந்தவர். மூடிவிட்டேன். அப்புறம் எங்கள் சட்டப் பிரிவுக்குப் போன் செய்தேன், அதற்குப் பிறகு அது அவர்கள் விஷயம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த ஃபைல் அல்ல. அயர்லாந்தில் கான்ஃபிக் ஓடிக்கொண்டுதான் இருந்தது! டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் விதியும் அங்கே இருந்தது, பச்சையாக, "கம்ப்ளையன்ட்" என்று. ஸ்கிரிப்ட் அயர்லாந்தைப் பார்த்திருந்தாலும் பச்சை என்றுதான் சொல்லியிருக்கும். ஏனென்றால் "என்கிரிப்டட் வால்யூம்ஸ்" என்ற அந்த ஆயத்த விதி, சர்வரில் மாட்டியிருக்கும் டிஸ்க்குகளைத்தான் சோதிக்கும். கழற்றி வைத்த டிஸ்க் அதன் கண்ணில் படாது. வீட்டில் எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று காவல்காரனைக் கேட்டால் பூட்டியிருக்கிறது என்பான், கொல்லையில் சாத்தி வைத்த பழைய பீரோவைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இதே ரகத்தில் இன்னொன்று. எஸ்3 என்பது பக்கெட்டுகள் இருக்கும் ஏடபிள்யூஎஸ் சேவை. அதில் 2023 ஜனவரி 5-இல் இருந்து புதிதாகப் போடும் ஃபைல் எல்லாம் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். நல்ல விஷயம். ஆனால் அதற்கு முன்னால் என்கிரிப்ட் செய்யாமல் போட்ட ஃபைல் அப்படியேதான் இருக்கும், யாராவது திரும்ப எழுதினால் ஒழிய. பக்கெட்டின் செட்டிங்கைப் பார்க்கும் விதி பச்சை காட்டும். விதி பொய் சொல்லவில்லை. அது பக்கெட்டைப் பற்றிப் பேசுகிறது, நாம்தான் ஃபைலைப் பற்றிக் கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதினேன். இப்போது அது விதிகளிடம் போவதே கடைசியில்தான். முதலில் எங்கள் அக்கவுன்டில் இயங்கும் ரீஜன் எல்லாவற்றையும் பட்டியல் எடுக்கிறது. ஒவ்வொரு ரீஜனிலும் கான்ஃபிக்கின் ரெக்கார்டர், அதாவது நிலையைக் குறித்துவைக்கும் பகுதி, ஓடுகிறதா என்று கேட்கிறது. இரண்டு ரீஜனில் நின்றுபோயிருந்தது, வேறொன்றில் சில வகை ரிசோர்ஸ்களைக் குறிக்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்களைத் திட்டவும் முடியாது. கான்ஃபிக் ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்பதற்கு 0.003 டாலர், காசு சின்னதுதான், மாற்றம் லட்சக்கணக்கில் வரும்போது ராண்டில் அது சின்னதாக இருக்காது.

அப்புறம் கான்ஃபிக்கை ஒதுக்கிவிட்டு இசி2-இடமே நேராகக் கேட்கிறது: உன்னிடம் இருக்கும் டிஸ்க் எல்லாவற்றின் ஐடியையும் கொடு. எஸ்3-இடம் பக்கெட் பெயர்கள். அதன் பிறகு கான்ஃபிக்கிடம், எதையெல்லாம் நீ சோதித்து ஏதாவது ஒரு முத்திரை குத்தியிருக்கிறாய், அந்த ஐடிகளைக் கொடு. பைதானில் இரண்டும் இரண்டு செட். முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒரே வரியில் வேலை முடிந்தது. எழுதிய நானூறு வரியில் எனக்குப் பிடித்த வரி அந்தக் கழித்தல்தான். மீதி வருவது தவறு செய்த ரிசோர்ஸ் அல்ல, யாருமே பார்க்காத ரிசோர்ஸ். முதல் தடவை 41 வந்தது. மூடி போட்ட எண் அல்ல, நானே கையால் எண்ணிப் பார்த்த 41.

கடைசியில்தான் விதிகள். விதியை மறுபடி ஓட்டு என்று போட்டோ3 மூலம் கேட்டால் உடனே சரி என்று பதில் வரும், வெறும் பதில். சோதனை பின்னால் எப்போதோ நடக்கும். உடனே முடிவைக் கேட்டால் பழைய முடிவுதான் கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆவணம் தேவைப்படவில்லை, இந்த ஊரில் ஐந்து வருஷம் இருந்ததே போதும். இங்கே ஒருவர் "நௌ நௌ" என்றால் கொஞ்ச நேரத்தில் செய்வார். "ஜஸ்ட் நௌ" என்றால், நம்மூரில் நினைப்பது போல இப்போதே என்று அர்த்தமில்லை. சாயங்காலமாக இருக்கலாம், நாளைக்காக இருக்கலாம், நடக்காமலும் போகலாம். வந்த புதிதில் பிளம்பர் ஜஸ்ட் நௌ வருகிறேன் என்று சொன்னதை நம்பி ஒரு சனிக்கிழமை முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தேன். கான்ஃபிக்கும் ஜஸ்ட் நௌ ரகம்தான். ஆகவே என் ஸ்கிரிப்ட், சோதனை கடைசியாக வெற்றிகரமாக நடந்த நேரத்தைப் பார்த்து, நாம் கேட்ட நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் மட்டுமே முடிவை எடுத்துக்கொள்கிறது.

அறிக்கை இப்போது மூன்று எண்ணோடு போகிறது. மேலே "யாரும் பார்க்காதவை". அதற்குக் கீழே "சரியில்லாதவை", அதற்கும் கீழே "சரியானவை". ஆடிட்டர் அம்மா அடுத்த தடவை வந்தபோது முதல் எண்ணின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் கேள்வி கேட்டார், மற்ற இரண்டையும் ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

அயர்லாந்து டிஸ்க்கை சட்டப் பிரிவு அனுமதித்த பிறகு அழித்தேன். இருக்கும் டிஸ்க்கை அப்படியே என்கிரிப்ட் செய்ய முடியாது, ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுத்து, அதிலிருந்து என்கிரிப்ட் ஆன புது டிஸ்க் உண்டாக்க வேண்டும். அவ்வளவு செய்து காப்பாற்ற அதில் எதுவுமில்லை, எல்லாம் கேப்டவுனில் ஒழுங்காக இருக்கிறது.

போன வாரம் மேனேஜர் வந்தார். போர்டு மீட்டிங்கில் அறிக்கையைக் காட்டப் போகிறாராம். முதல் பக்கத்திலேயே "யாரும் பார்க்காதவை" என்று ஒரு எண் இருப்பது பார்க்க நன்றாக இல்லை, அதைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்ற முடியுமா, அல்லது எடுத்தேவிட முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஜஸ்ட் நௌ" என்றேன்.